மகளுக்கு மைக்ரோபயாலஜியில் இடம் கிடைச்சிருக்கு: சேர்க்கலாமா, ஒரு வருஷம் காத்திருக்கலாமா?

சில்வர்க்ளென் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இங்க தென்னாப்பிரிக்காவுல மேட்ரிக் (பள்ளிக் கடைசிப் பரீட்சை) ரிசல்ட் வந்ததிலேருந்து எங்க வீட்டுல ஒரே பஞ்சாயத்து. மகள் மெடிசினுக்குத்தான் போட்டிருந்தா. நல்ல மார்க்தான், ஆனா மெடிசினுக்கு அது எட்டல. சிஏஓ (பல்கலைக்கழகச் சேர்க்கை) படிவத்துல அடுத்ததா எழுதின பிஎஸ்சி-க்கு இடம் கொடுத்திருக்காங்க, டர்பன்ல குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட (யூகேஇசட்என்) வெஸ்ட்வில் வளாகம். மைக்ரோபயாலஜி மேஜர் எடுக்கப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.

அவ அப்பா, "ஒரு வருஷம் போனாப் போகுது, மேட்ரிக்கை ரீரைட், அதான் மறுபடி, எழுதி மெடிசினுக்கே திரும்பப் போடு"ங்கறார். எங்க மாமியார் கேள்வி வேற மாதிரி: "கிருமியைத் தொட்டுட்டு வந்து என் சட்டியைத் தொடுவாளா?"

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். படிச்சு முடிச்சா என்ன வேலை? ஆஸ்பத்திரி லேப்ல எடுப்பாங்களா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மிட்ராண்ட் வாசி

அக்கா, மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஊர்லேருந்து இங்க வந்து பல வருஷமாச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் என்கூடப் படிச்சவங்க நிறையப் பேர் மைக்ரோபயாலஜி எடுத்தாங்க. ஒருத்தன் மருந்து கம்பெனி ரெப் ஆனான், ஒருத்தி பேங்க் பரீட்சை எழுதிப் போயிட்டா. ஸ்லைடு பாத்து என்ன சம்பாதிக்க முடியும்? அண்ணன் சொல்றதுதான் சரி. இல்லைன்னா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாத்திக்கச் சொல்லுங்க.

அகார்த் தட்டு

வணக்கம் அக்கா. நான் இந்தத் துறையில ஆராய்ச்சி மாணவன். தஞ்சாவூர்க் கதையை வெச்சு டர்பனைக் கணக்குப் போட வேண்டாம். அதேசமயம் உங்க மகள்கிட்ட இனிப்பா மட்டும் பேசவும் வேண்டாம்.

முதல்ல ஆஸ்பத்திரி லேப். நம்ம ஆளுங்க நிறையப் பேர் தடுக்கி விழற இடம் இதுதான். பிஎஸ்சி மைக்ரோபயாலஜியை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக் கூடத்துல நோயாளியோட சளியையும் ரத்தத்தையும் பரிசோதிச்சு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட முடியாது. அதுக்கு எச்பிசிஎஸ்ஏ, அதாவது சுகாதாரத் தொழில் கவுன்சில்ல, பதிவு வேணும். அந்தப் பதிவுக்கு நேர்வழி மெடிக்கல் லேபரட்டரி சயின்ஸ் பட்டம், நாலு வருஷம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல (டியூட்டி) அது இருக்கு. பயிற்சி, போர்டு பரீட்சை எல்லாம் அந்தப் பாதையோடவே வரும். நேஷனல் ஹெல்த் லேபரட்டரி சர்வீஸ், தனியார் பேதாலஜி கூடங்கள் எல்லாம் இப்படிப் படிச்சவங்களைத்தான் தேடுவாங்க.

பிஎஸ்சி மூணு வருஷம். அதோட நின்னா, அரை டிக்கெட் எடுத்த மாதிரிதான். மேல ஹானர்ஸ் ஒரு வருஷம் படிக்கணும். அது தனியா விண்ணப்பிச்சு, மார்க் பாத்து, இடம் இருந்தாத்தான் கிடைக்கும். ஹானர்ஸ் முடிச்சு சில வருஷம் வேலை பாத்தா சாக்னாஸ்ப்ல (இயற்கை அறிவியலாளர்களைப் பதியற கவுன்சில்) புரொஃபஷனல் நேச்சுரல் சயின்டிஸ்ட்டாப் பதிஞ்சுக்கலாம். அதுல மைக்ரோபயாலஜிக்குத் தனிப் பிரிவே இருக்கு. தண்ணீர், உணவு, பீர், சர்க்கரை, தடுப்பூசி, விவசாயம், ஆராய்ச்சி, எல்லாத்துக்கும் இந்த வாசல்தான்.

அதனால வீட்டுல கேக்க வேண்டிய கேள்வி "மைக்ரோபயாலஜி நல்லதா கெட்டதா"ன்னு இல்ல. மகளுக்கு ஆஸ்பத்திரிதான் வேணுமா, இல்ல கிருமி மேலயே ஆர்வமா? ரெண்டுக்கும் வேற வேற பஸ் ஏறணும்.

ஃபீனிக்ஸ் தம்பி

ஆன்ட்டி, நான் செகண்ட் இயர், அதே வளாகம். முதல் வருஷம் மைக்ரோபயாலஜின்னு ஒண்ணும் கண்ணுல படாதுன்னு தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லிடுங்க. கெமிஸ்ட்ரி, கணக்கு, பொது பயாலஜி. நிறையப் பேர் கெமிஸ்ட்ரியிலதான் உதிர்ந்து போவாங்க. இன்னொண்ணு 'டியூலி பெர்ஃபார்ம்டு', அதாவது பரீட்சை எழுதறதுக்கான தகுதி. பிராக்குக்கு (பிராக்டிகல்) ஒழுங்கா வரலைன்னா, டெஸ்ட்ல தேவையான மார்க் இல்லைன்னா அந்தத் தகுதியைத் தரமாட்டாங்க. அது இல்லைன்னா பரீட்சை ஹாலுக்குள்ளயே விடமாட்டாங்க. ஸ்கூல் மாதிரி கடைசி மாசம் உக்காந்து படிச்சு ஒப்பேத்த முடியாது.

ரெண்டாம் வருஷம்தான் சுவாரசியமே. கிராம் ஸ்டெயின், அதான் சாயம் ஏத்திக் கிருமியை வகை பிரிக்கிற பிராக், பத்திச் சொல்றேன். கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டுத் தண்ணி வெச்சு, லூப்பைத் (கம்பி வளையம்) தீயில சிவக்கக் காட்டி, ஆறவெச்சு, தட்டுல வளந்த கிருமிக் காலனியில லேசாத் தொட்டு அதுல பரப்பணும். காயவெச்சு, ரெண்டு மூணு தடவை தீக்கு மேல ஓட்டினா கிருமி கண்ணாடியில ஒட்டிக்கும். அப்புறம் கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிஷம், கழுவு. அயோடின் ஒரு நிமிஷம், கழுவு. அடுத்தது ஆல்கஹால், அங்கதான் விளையாட்டே. கண்ணாடியைச் சாய்ச்சுப் பிடிச்சுச் சொட்டுச் சொட்டா விடணும், ஊதா வழியறது நின்ன அந்த நொடியே கழுவிடணும். கொஞ்சம் தாமதிச்சா ஊதாவாவே நிக்க வேண்டிய ஸ்டாஃபிலோகாக்கஸ்கூட நிறம் போயி, கடைசியில ஊத்தற சாஃப்ரனினை ஏத்திக்கிட்டு ரோஸ் கலர்ல நிக்கும். டெமான்ஸ்ட்ரேட்டர் எட்டிப் பாத்து, "உன் ஸ்டாஃப் ஏன் வெக்கப்படுது?"ன்னு கேப்பாங்க. எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்போட நூறு எக்ஸ் லென்ஸை இறக்கி, ஊதாக் குண்டுமணிங்க கொத்துக் கொத்தாத் தெரியும்போது பெஞ்ச் முழுக்க ஒரு சத்தம் கேக்கும் பாருங்க!

செர்ரேஷியான்னு ஒண்ணு இருக்கு. அறை வெப்பத்துல வளத்தா ரத்தச் சிவப்பு. அதையே 37 டிகிரியில வெச்சா வெள்ளை வெளேர்னு இருக்கும். ஒரே கிருமி, ஒரே அகார் (கிருமி வளக்கிற ஜெல்லி). ஏன்னு யோசிக்க வெச்சு ரிப்போர்ட் எழுதச் சொல்வாங்க. எனக்கு இந்தப் பாடம் பிடிச்சதே அந்த ரெண்டு தட்டாலதான்.

சில்வர்க்ளென் அம்மா

தம்பி, நீ எழுதினதை மகள்கிட்ட காட்டினேன், மூணு தரம் படிச்சுட்டா. அவ அப்பாகிட்டயும் காட்டினேன், "சம்பளம் எங்க எழுதியிருக்கு?"ன்னாரு.

அகார்த் தட்டு தம்பி, காசநோய் (டிபி) கிருமியெல்லாம் பிள்ளைங்க கையில கொடுப்பாங்களா? மாமியார் கேட்டதை நான் சிரிச்சு ஒதுக்கினேன், ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள அதே பயம் இருக்கு. எங்க குடும்பத்துல டிபி பாத்தவங்க நாங்க.

அகார்த் தட்டு

கொடுக்க மாட்டாங்க அக்கா. பிஎஸ்சி பிள்ளைங்க கையில வர்றது பெரும்பாலும் ஆபத்து இல்லாத வகைங்க: பாசில்லஸ், ஈஸ்ட், லேபுக்குன்னே வெச்சிருக்கிற ஈ. கோலை. வேலை முடிஞ்சதும் தட்டெல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போகும். 121 டிகிரி நீராவி, அழுத்தத்தோட பதினஞ்சு நிமிஷம். அதுல ஸ்போர், அதான் கிருமியோட கெட்டியான விதை மாதிரி, அதுகூடத் தப்பாது. உள்ள சாப்பாடு, தண்ணி பாட்டில், ஃபோன் எதுவும் கூடாது. கையைக் கழுவாம யாரும் வெளிய வர முடியாது. உங்க மாமியாரோட சட்டிக்கு ஒண்ணும் ஆகாது.

டிபி-யை வளக்கிறது மூணாம் நிலைப் பாதுகாப்புக் கூடத்துல. அறைக்குள்ள காத்தழுத்தம் குறைவா வெச்சிருப்பாங்க, காத்து வெளியிலேருந்து உள்ளதான் போகும், வெளிய விடறது ஹெப்பாங்கற நுண்வடிகட்டி வழியா. முகமூடி, ரெட்டைக் கையுறை, தனிப் பயிற்சி. அங்க கால் வைக்கிறது முதுகலை, பிஎச்டி கட்டத்துலதான், அதுவும் அந்த வேலையை எடுத்தவங்க மட்டும்.

டிபி-ன்னதும் சொல்லணும். நம்ம மாகாணத்துலயே துகேலா ஃபெர்ரின்னு ஒரு சின்ன ஊர். 2005, 2006-ல அங்க இருந்த ஆஸ்பத்திரியில முக்கியமான மருந்துங்களுக்கு மசியாத டிபி 53 பேருக்கு இருந்தது. 52 பேர் இறந்துட்டாங்க. சளி எடுத்த நாளிலேருந்து பாதிப் பேர் பதினாறு நாள்கூடத் தாங்கல. எக்ஸ்டிஆர் டிபி-ன்னு உலகமே அப்பத்தான் திரும்பிப் பாத்தது. கிராமத்து ஆஸ்பத்திரிதானேன்னு விடாம, மாதிரியை எடுத்து வளத்து, ஒவ்வொரு மருந்தையும் போட்டுப் பாத்ததாலதான் அது வெளிய வந்தது. "ஸ்லைடு பாத்து என்ன"ன்னு கேட்ட மிட்ராண்ட் அண்ணனுக்கும் சேத்துத்தான் இதை எழுதறேன்.

மிட்ராண்ட் வாசி

தம்பி கோவப்படறார். அந்த வேலை முக்கியமில்லன்னு நான் எங்க சொன்னேன்? முக்கியமான வேலைக்கெல்லாம் நல்ல சம்பளம் வருதான்னுதான் கேக்கறேன். நர்ஸ் வேலை முக்கியமில்லையா, டீச்சர் வேலை முக்கியமில்லையா?

கடல்தண்ணி அக்கா

மிட்ராண்ட் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. வேலைக்குப் போற ஆள் நான், நான் பதில் சொல்றேன்.

டர்பன்ல ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துல அனலிஸ்ட். நூறு மில்லி தண்ணியில ஒரு பொடியைக் கலக்குவோம். சின்னச் சின்னக் குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டுல அதை ஊத்தி சீல் பண்ணி 35 டிகிரியில ராத்திரி முழுக்க விடுவோம். காலையில மஞ்சளான குழியெல்லாம் கோலிஃபார்ம், அதாவது அழுக்கு கலந்திருக்கலாம்னு காட்டற பாக்டீரியாக் கூட்டம். அறையை இருட்டாக்கி புற ஊதா விளக்கைக் காட்டினா, அதுல நீலமா மின்னற குழிதான் ஈ. கோலை, மலம் கலந்ததுக்கு அடையாளம். எத்தனை குழின்னு எண்ணி அட்டவணையைப் பாத்தா கணக்கு வந்துடும். குடிதண்ணிக்கு இந்த நாட்டுச் சட்டக் கணக்கு ரொம்ப எளிது: நூறு மில்லியில ஒரு ஈ. கோலைகூட இருக்கக் கூடாது.

2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. நானூறு பேருக்கு மேல போயிட்டாங்க. கழிவுநீர்ப் பம்பு நிலையங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் அடிபட்டதுல ஆத்து வழியா அழுக்கு நேரா கடலுக்கு வந்தது. அப்புறம் பல மாசம் கடற்கரையை மூடறதும் திறக்கறதுமா இருந்ததே, அந்த முடிவுக்குப் பின்னால இருந்தது இந்த மின்னற குழிங்கதான். உம்கேனி ஆத்து வாய்ப் பக்கம் பிள்ளைங்களைக் குளிக்க விடலாமான்னு தெருவுல பாக்கறவங்கெல்லாம் என்னை நிறுத்திக் கேப்பாங்க.

சம்பளம்னு பாத்தா, ஆரம்பத்துல கம்ப்யூட்டர்காரங்ககிட்ட நெருங்கவே முடியாது. வேலை கிடைக்கவும் நாளாகும். என் பேட்ச்ல ஹானர்ஸ் போகாதவங்கள்ல நிறையப் பேர் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. தங்கினவங்க நல்லா இருக்காங்க. ஒரு யோசனை: லேபோட தரத்துக்கு ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம்னு ஒண்ணு உண்டு. அந்தத் தர ஆவண வேலையைப் படிக்கும்போதே பழகிக்கிட்டா, வேலை கேக்கப் போற இடத்துல மதிப்பு. வார்சிட்டியில யாரும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

ஓய்வுபெற்ற மாஸ்டர்

அனைவருக்கும் வணக்கம். இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். இப்போது மகள் போகப்போகும் வெஸ்ட்வில் வளாகத்தின் கதை இளைஞர்களுக்குத் தெரியுமோ என்னவோ. 1961-இல் இந்தியர்களுக்கென்று அரசு ஒதுக்கிய கல்லூரி, டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் நடந்தது. என் அண்ணன் படகில் ஏறித்தான் வகுப்புக்குப் போவார். வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் அமைச்சரின் அனுமதி வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் வெஸ்ட்வில் மலைக்கு இடம் மாறியது. 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய பெயர் பெற்றது. நான் அறிவியல் பாடம் எடுத்த முப்பது சொச்ச வருடங்களில், பெண்பிள்ளை டாக்டர் ஆகவேண்டும், இல்லையேல் டீச்சர் ஆகவேண்டும் என்பதைத் தாண்டி யோசித்த பெற்றோர் மிகக் குறைவு. இந்தத் தாய் இவ்வளவு கேட்டதே எனக்கு மகிழ்ச்சி.

இன்னொரு செய்தி. பிரிட்டோரியாவில் 1899-இல் பிறந்த மாக்ஸ் தைலர், மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டு 1951-இல் மருத்துவ நோபல் பெற்றார். அவர் தந்தை ஆர்னால்ட் தைலர், ஆண்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆய்வகத்தை நிறுவியவர். அதற்கும் முன்னால், மாட்டுக் கொள்ளைநோய் நாட்டையே சூறையாடியபோது, ராபர்ட் கோக் 1896 கடைசியில் கிம்பர்லிக்கு வந்து ஆய்வு செய்தார். இத்துறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஃபீனிக்ஸ் தம்பி

மாஸ்டர் ஐயா, படகு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது! லெக்சருக்கு டாக்ஸி கிடைக்கலைன்னு அலுத்துக்கிறதுக்கே இனி கூச்சமா இருக்கும்.

அகார்த் தட்டு

ஐயாவுக்கு வணக்கம். பழசு வந்தாச்சு, கிட்டத்துல நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன். நம்ம எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலயும் இருந்த பொருள் அது.

போலோனி, அந்த இறைச்சி சாசேஜ். 2017-லேருந்து 2018 நடுவரைக்கும் லிஸ்டீரியாக் கிருமியால வர்ற லிஸ்டீரியோசிஸ் 1,060 பேருக்கு உறுதியாச்சு, 216 பேர் இறந்தாங்க. உலகத்துல பதிவான லிஸ்டீரியா பரவல்ல அதுதான் பெரிசு. அதுல புதுசாப் பிறந்த குழந்தைங்கதான் அதிகம். கர்ப்பிணித் தாய்க்கு லேசான காய்ச்சலோட போயிடும், வயித்துல இருக்கிற பிள்ளையைத் தாக்கிடும். கண்டுபிடிக்கிறது ஏன் கஷ்டம்னா, சாப்பிட்டு எழுபது நாள் கழிச்சுக்கூட நோய் வரலாம். ரெண்டு மாசம் முன்னால என்ன சாப்பிட்டோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? மத்தக் கிருமிங்க ஃப்ரிட்ஜ் குளிர்ல அடங்கிடும், இது அங்கயும் மெதுவா வளரும்.

நோயாளிங்ககிட்ட எடுத்த கிருமியோட மரபணுவை முழுசாப் படிச்சப்போ, பத்துக்கு ஒன்பது ஒரே குடும்பம், எஸ்டி6. அப்படின்னா எங்கயோ ஒரே ஊத்து. 2018 ஜனவரியில சோவேட்டோவுல ஒரு கிரெஷ்ல (குழந்தைகள் காப்பகம்) பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு வந்து பரக்வனாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. ஆய்வாளர்கள் கிரெஷ் ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ள போலோனி. அதுலேருந்து நூல் பிடிச்சு ஆலைக்குப் போய், அங்கயும் எஸ்டி6-ஐப் பிடிச்சாங்க. மார்ச் 4-ந் தேதி சுகாதார மந்திரி அறிவிச்சார், கடைத் தட்டெல்லாம் காலியாச்சு.

அந்த வேலையில ஒரு டாக்டர் மட்டும் இல்லக்கா. தட்டுல வளத்தவங்க, மரபணு படிச்சவங்க, கணினியில வரிசையை ஒப்பிட்டவங்க, ஆலைத் தரையைப் பஞ்சால துடைச்சு மாதிரி எடுத்தவங்க எல்லாரும் சேந்த வேலை. 2020 டிசம்பர்ல பீட்டா கோவிட் வகையை முதல்ல அடையாளம் கண்டதும் நம்ம டர்பன்ல இருக்கிற கிறிஸ்ப் மரபணு ஆய்வுக் கூடத்து ஆளுங்கதான். மிட்ராண்ட் அண்ணே, இப்ப இந்தத் துறையில பாதி கம்ப்யூட்டர்தான். பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி தெரிஞ்ச மைக்ரோபயாலஜிஸ்ட்டுக்கு ஆளுங்க அலையறாங்க. நீங்க சொன்னதுல பாதியை நான் ஒத்துக்கிட்டதா வெச்சுக்கோங்க.

மிட்ராண்ட் வாசி

அந்தப் பாதியையாவது ஒத்துக்கிட்டீங்களே! சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. பிஎஸ்சி முடிச்சுட்டு மெடிசினுக்குத் தாவலாம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது உண்மையா? உண்மைன்னா அண்ணனும் சமாதானம் ஆயிடுவாரு.

கடல்தண்ணி அக்கா

வழி இருக்கு. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்துல பட்டதாரிங்களை நேரா மெடிசின் மூணாம் வருஷத்துல சேத்துக்கிற திட்டம் ஒண்ணு உண்டு, தனி நுழைவுத் தேர்வு எழுதணும். மத்த இடங்கள்லயும் பட்டதாரிக்குக் கொஞ்சம் இடம் வைப்பாங்க. ஆனா அந்தக் கொஞ்ச இடத்துக்கு நாடு முழுக்க வரிசை கட்டி நிக்குது. அதை மட்டுமே நம்பி மூணு வருஷம் படிக்கிற பிள்ளை, கிடைக்கலைன்னா உடைஞ்சு போயிடும். இதை நான் ரொம்பப் பாத்துட்டேன். கிடைச்சா சரி, கிடைக்கலைன்னாலும் எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும்னு சொல்ற பிள்ளையாத்தான் உள்ள போகணும். ரீரைட்டும் அதே கதைதான். மார்க் எத்தனை குறைஞ்சுதுன்னு பாருங்க. ஒரு பாடத்துல ரெண்டு மூணு மார்க்னா யோசிக்கலாம். மொத்தமாவே தூரம்னா, வீட்டுல சும்மா உக்காந்த வருஷம் ஆளையே சுருக்கிடும்.

பணத்தைப் பத்தி யாரும் பேசலையே? குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ராண்டுக்குள்ளன்னா என்எஸ்ஃபாஸ்ங்கற அரசு உதவித் திட்டம் பிஎஸ்சி-க்குக் கட்டணத்தைப் பாத்துக்கும். ஆனா அது முதல் பட்டத்துக்குத்தான், ஹானர்ஸுக்கு வராது. அந்த ஒரு வருஷத்துக்கு என்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி நிதியம்) உதவித்தொகை இருக்கு, மார்க் நல்லா இருக்கணும். முதல் வருஷ மார்க்குலேருந்தே அதுக்குக் கணக்கு ஆரம்பிக்குதுன்னு மகளுக்குச் சொல்லுங்க. அந்த வருமானக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல மாட்டிக்கிட்ட குடும்பங்கள்தான் பாவம். அவங்க கம்பெனி தர்ற பர்சரிகளை (படிப்பு உதவித்தொகை) இப்பலேருந்தே தேடணும்.

சில்வர்க்ளென் அம்மா

நாங்க அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலதான் அக்கா. தேட ஆரம்பிக்கிறேன்.

நேத்து ராத்திரி இந்த இழை முழுசையும் அவ அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். போலோனி கதையில ஆள் அசையல. சின்னவ பிறந்த சமயத்துல எங்க வீட்டு ஃப்ரிட்ஜுலயும் அது இருந்தது. மகளைக் கூப்பிட்டு, தம்பி சொன்ன மாதிரி நேராவே கேட்டாரு: "ஆஸ்பத்திரியா, கிருமியா?" அவ யோசிக்கக்கூட இல்ல, கிருமின்னுட்டா. டியூட்டி-க்கு மாத்தணும்னா இன்னிக்கே சொல்லுன்னு இன்னொரு தரம் கேட்டாரு, அப்பவும் அதேதான். சரி, சேரட்டும், ஆனா முதல் வருஷம் கெமிஸ்ட்ரி போச்சுன்னா திரும்பப் பேசுவேன்னு ஒரு நிபந்தனையோட விட்டிருக்காரு.

மாமியாருக்கு நான் வேற மாதிரி சொன்னேன். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச முந்தின நாளே கரைச்சுப் புளிக்க வைக்கிறோமே, அதுல வேலை பாக்கறதும் கிருமிதான், பேத்தி அதைத்தான் படிக்கப்போறான்னேன். "அப்ப எங்கிட்டயே படிச்சிருக்கலாமே"ன்னாங்க.

ஓய்வுபெற்ற மாஸ்டர்

அம்மையார் சொன்னதில் தவறில்லை. லாக்டிக் அமிலப் பாக்டீரியா மாவைப் புளிக்க வைத்து, கெடுக்கும் கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது. ஜூலு வீடுகளில் செய்யும் அமாஹேவு என்ற புளித்த சோளக்கூழும் இதே முறைதான். மூன்றாம் வருடத் திட்ட வேலைக்கு இது நல்ல தலைப்பு. பேத்தி பாட்டியிடமே மாதிரி வாங்கிக்கொள்ளலாம்.

சில்வர்க்ளென் அம்மா

ஐயா, அவங்ககிட்ட இதைச் சொன்னா இனி அடுப்படியில யாரையும் விடமாட்டாங்க!

ஒரு சின்ன சந்தேகம் மட்டும். லேப் கோட் பழசு வாங்கலாமா? பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு தர்றேங்கறா, பாலியெஸ்டர் போல இருக்கு.

ஃபீனிக்ஸ் தம்பி

பழசு தாராளமா வாங்கலாம் ஆன்ட்டி, ஆனா பருத்தியாப் பாருங்க. பன்சன் பர்னர் பக்கத்துல பாலியெஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும். முழுக்கை, முன்னால பட்டன். முடியைப் பின்னால கட்ட ரப்பர் பேண்ட் பையிலயே இருக்கட்டும். கண்ணாடித் துண்டுல எழுத டைமண்ட் பென்சில், தட்டுல எழுத அழியாத மார்க்கர். மார்க்கர் ரெண்டா வாங்குங்க, ஒண்ணை எவனாவது கட்டாயம் எடுத்துட்டுப் போவான். கோட்டைத் துவைக்கும்போது மட்டும் வீட்டுத் துணியோட சேக்காம தனியாப் போடுங்க.